ஈரக் குப்பையும் கோட்டை மான்களும்

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அதை அண்டிய தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் பொலித்தீன் தின்பதைத் திருகோணமலையில் வாழும் நாம் பார்த்திருக்கிறோம். மானுக்குப் பொலித்தீனில் ஆசை இல்லை. அதில் ஒட்டிக்கிடக்கும் சோறும் கறியும் உப்பும்தான் அதை இழுக்கின்றன. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பைக்குள் போன பொலித்தீன் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. உருண்டு திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ள, வயிறு நிறைந்த உணர்வோடே மான் மெலிந்து சாகிறது. மிச்சச் சோறும் அதைச் சுற்றிய பொலித்தீன் தாளும் ஒரே பையில் போவதால் வரும் சாவு இது. நகரத்தின் குப்பைச் சிக்கல் முழுவதற்கும் வேர் இந்தக் கலப்புத்தான்.

இலங்கை நகரங்களின் குப்பையில் எடைப்படி பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அதிலும் பெரும்பகுதி தண்ணீர். இந்த ஈரம் ஏறிய கடதாசி விலைபோகாது. பிளாஸ்டிக்கில் ஒட்டினால் கழுவும் செலவு அதன் விலையைத் தாண்டிவிடும். எரித்துவிடலாம் என்றாலோ, வெப்பத்தில் கணிசமான பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துபோகும். குப்பையை நசுக்கி ஏற்றும் விலையுயர்ந்த லொறிகூட, பிரிக்காத குப்பையைப் பிழிந்து அழுகல் நீரை எல்லாவற்றிலும் பூசிவிடுகிறது. ஆகவே வாகனத்துக்கு முன்னால் மாறவேண்டியது சேகரிக்கும் நாள். நமது வெயிலில் உணவுக் கழிவு இரண்டு நாளில் நாறும். அதை ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுக்க வேண்டும். போத்தலும் அட்டைப்பெட்டியும் நாறுவதில்லை. அவை இரண்டு வாரம் வீட்டில் காத்திருக்கலாம்.

கலந்த குப்பையைக் குவித்தால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்துவிடும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மழைநீர் ஊறினால் மேடே நிலைகுலையலாம். 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை வீடுகள் மீது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாடே பார்த்தது. நமக்கோ ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரிமழை. மணற்பாங்கான கரையோரத்தில் குப்பையில் ஊறிய நீர் தடையின்றி இறங்கிக் கிணறுகளைச் சேரும்.

அதே உணவுக் கழிவுக்குக் காற்றுக் கிடைத்தால் கதை வேறு. ஒட்சிசன் பெற்ற பற்றீரியாக்கள் அதைப் பசளையாக்குகின்றன. அவற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் வேண்டும். இங்கேதான் திருகோணமலைக்கென்று தனிக் கணக்கு வருகிறது. நமது மீன் சந்தையின் செதிலும் குடலும் நைதரசன் நிறைந்தவை. தனியே குவித்தால் மிகுதி நைதரசன் அமோனியாவாகி மூக்கைத் துளைக்கும். காய்ந்த சருகு, மரத்தூள், நறுக்கிய தென்னோலை ஆகியவற்றை நிறையக் கலந்து மூடினால் அந்த நாற்றம் அடங்கும். (தென்னோலையைத் தெருவோரத்தில் கொளுத்துவது எவ்வளவு பெரிய வீணடிப்பு!) சரியாக அடுக்கிய குவியல் தானாகவே 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். சில நாட்கள் அந்தச் சூடு நீடித்து, கிளறும்போது வெளிப்புறமும் உள்ளே போனால், நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். கையில் எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி கசிவதே சரியான ஈரம். மாரியில் இதைக் காக்கக் கூரை கட்டாயம். இயந்திரங்களுக்கு முன்னால் அந்தக் கூரைக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

உலர்ந்த குப்பையைப் பிரிப்பதில் தண்ணீரே உதவிக்கு வருகிறது. குளிர்பானப் போத்தல் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீற்றருக்கு ஏறத்தாழ 1.38 கிராம், அது மூழ்கும். மூடிகளின் பொலிஎதிலீனும் பொலிபுரொப்பிலீனும் தண்ணீரின் அடர்த்தியான ஒரு கிராமுக்குக் குறைவானவை, அவை மிதக்கும். நொறுக்கித் தொட்டியில் கொட்டினால் இரண்டும் பிரிந்துவிடும். பிஸ்கட் உறைகள் இந்த வழிக்கு வருவதில்லை. பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒட்டிய படலங்களைப் பிரித்தெடுப்பது செலவுக்குக் கட்டாது. குப்பைமேட்டுக்குப் போகவேண்டியவை இவையும் இவை போன்ற சிலவும்தான்.

எல்லா வீடுகளையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். மீன் சந்தை, மரக்கறிச் சந்தை, மாலையும் வாழையிலையும் சேரும் கோயில்கள், கடற்கரை விடுதிகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். சில இடங்களிலேயே பெருமளவு உக்கும் கழிவு கிடைக்கிறது. பொலித்தீன் கலக்காமல் வாங்குவதும் அங்கே எளிது.