பீக்கரில் நிறம் போச்சு, உப்பு எங்கே போச்சு?

சாயக் கழிவுநீரை மின்பொறியால் சுத்தம் செய்யலாம் என்று மறுபடியும் ஒரு வீடியோ சுற்றுகிறது. நீலத் தண்ணீருக்கு மேலே ஊசி முனையிலிருந்து ஊதாப் பொறி சடசடவென்று இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் பீக்கர் பளிங்காகத் தெளிகிறது. "இனி ஆர்.ஓ. வேண்டாம், எவாப்பரேட்டர் வேண்டாம்" என்று கீழே ஒரு வரி. (ஆர்.ஓ. உப்பைச் சவ்வால் பிரிப்பது; எவாப்பரேட்டர் மிச்ச உப்பு நீரை ஆவியாக்குவது.) உடனே சாயப்பட்டறைக்காரர்கள் விலை விசாரிக்கிறார்கள். முதலாளிகளே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்க.

மின்பொறி சாயத்தை உடைப்பது உண்மைதான். ஹைட்ராக்சில் ராடிக்கல் (எதையும் சட்டெனத் தாக்கும் மூலக்கூறுத் துண்டு), ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் அங்கேயே உண்டாகி, நிறம் தரும் பிணைப்பை அறுத்துவிடும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான்.

அறுபட்ட துண்டுகள் தண்ணீரிலேயேதான் கிடக்கின்றன. பென்சீன், நாப்தலீன் வளையங்கள் உடைய இன்னும் நேரமும் மின்சாரமும் வேண்டும். நிறம் முக்கால்வாசிக்கு மேல் போன தண்ணீரில் டி.ஓ.சி. (கரிமப் பொருள்களில் உள்ள மொத்தக் கார்பன்) பாதிகூடக் குறையாமல் இருப்பது சகஜம். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் என்றால் நமக்கு லேப் எதற்குங்க?

அடுத்தது உப்பு. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 250 கிலோ துணி, 1:6 லிக்கர் (ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர்) என்றால் 1,500 லிட்டர் சாயத் தண்ணீர். அடர் நிறம் துணியில் ஏற லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டால் ஒரே லாட்டுக்கு 90 கிலோ. சோடா ஆஷ் தனி. உப்பு துணியில் தங்காது, அத்தனையும் கழிவுநீருக்குத்தான் வருகிறது. சோடியமும் குளோரைடும் சல்ஃபேட்டும் ஏற்கெனவே உடைந்து நிற்கிற அயனிகள்; எத்தனை ஆயிரம் வோல்ட் பாய்ச்சினாலும் கரைந்த உப்பின் மொத்த அளவு குறையாது. திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிய நொய்யலாற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டதற்குத் தண்ணீரின் சிவப்பு மட்டும் காரணமில்லை, அதில் இருந்த உப்பும்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னபோது பேச்சு 'ஜீரோ டிஸ்சார்ஜ்' (கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமை) பற்றித்தான். நிறத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கை: அந்த உப்பே பொறியைக் கெடுக்கிறது. டெமோவில் இருப்பது வாலைவடி நீரில் கரைத்த துளி மெத்திலீன் ப்ளூ சாயம். நம்ம கழிவுநீரிலோ உப்பால் மின்கடத்துதிறன் மிக அதிகம், செ.மீ.க்குப் பல ஆயிரம் மைக்ரோசீமென்ஸ். தண்ணீருக்குள் பொறி விடும் அமைப்பில் மின்னோட்டம் நேராகக் கசிந்து தண்ணீரைச் சூடாக்கும், பொறி குட்டையாகிவிடும். சோடா ஆஷிலிருந்து வரும் கார்பனேட், சாயத்தை உடைக்க வேண்டிய ராடிக்கலைத் தின்றுவிடும். குளோரைடோ ஹைப்போகுளோரைட்டாக மாறி, குளோரின் ஏறிய புதுச் சேர்மங்களை உண்டாக்கும்; முன்னே இருந்த சாயத்தைவிட அது மோசமாகவும் இருக்கலாம்.

டெமோ கேட்பதானால் முறையாகக் கேளுங்க. உங்கள் ஈக்வலைசேஷன் டேங்க் (எல்லாக் கழிவும் வந்து சேரும் தொட்டி) தண்ணீரை, வேறு தண்ணீர் கலக்காமல், நீங்களே எடுத்துக் கொடுங்கள். முன்னும் பின்னும் பி.எச். (அமில-கார அளவு), டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்), குளோரைடு, சி.ஓ.டி. (அழுக்கை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு), டி.ஓ.சி. பாருங்கள். காற்றில் பொறி விட்டால் நைட்ரிக் அமிலம் சேர்ந்து பி.எச். இறங்கும். மெத்தில் ஆரஞ்சு சாயம் அமிலத்தில் சிவக்கும், காங்கோ ரெட் சாயம் நீலமாகும். அந்த நிற மாற்றத்தையும் 'சுத்திகரிப்பு' என்று கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அதனால் பி.எச்.சைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே நிறத்தை அளக்க வேண்டும். மிச்சமிருக்கும் பெராக்சைடு சி.ஓ.டி.யை ஏற்றிக் காட்டும், அதை முதலில் போக்கிவிட வேண்டும். லேப் தம்பிகள் இதை அடிக்கடி மறக்கிறார்கள்.

கரண்ட் கணக்கை மீட்டரில் பாருங்கள். 200 வாட் கருவி ஒரு லிட்டரை அரை மணி நேரத்தில் தெளிய வைத்தால் லிட்டருக்கு 0.1 யூனிட். ஆயிரம் லிட்டருக்கு 100 யூனிட், நாளுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு 10,000 யூனிட். மிச்சத்தை உங்கள் ஈ.பி. பில்லை வைத்து நீங்களே பெருக்கிக்கங்க.

உயிரியல் சுத்திகரிப்பு முடிந்தும் போகாத கடைசி நிறத்துக்கு, உப்பு குறைந்த கழுவு நீருக்கு, இது ஆராயத் தகுந்த வழிதான். ஆர்.ஓ.வுக்கு மாற்று ஆகாது.

கடைசியாக, ப்ராஜெக்ட் செய்யும் மாணவத் தம்பி தங்கைகளுக்கு: தயவுசெய்து மைக்ரோவேவ் அடுப்பு ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி இதைச் செய்யாதீர்கள். சுமார் 2,000 வோல்ட், ஆளைக் கொல்லத் தாராளமான மின்னோட்டம். வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) காப்பாற்றும் என்ற நினைப்பு வேண்டாம். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. ஆசிரியர் இல்லாமல் உயர் அழுத்தம் தொடவே கூடாது. ஓசோன் வாசம் வந்தால் சன்னலைத் திறந்தால் போதாது, எக்ஸாஸ்ட் வையுங்கள். சற்று நேரத்தில் மூக்குக்கு வாசம் பழகிவிடும், வாயு அங்கேயேதான் இருக்கும். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ப்ளீடர் ரெசிஸ்டர் (தேங்கிய மின்னூட்டத்தை வடிக்கும் மின்தடை) நிரந்தரமாக இருக்கட்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும், எர்த் கம்பி கட்டிய காப்புக் கோலால் தொட்டு இறக்காமல் மின்முனைப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.