சத்தி வருகிறதென்று குளிசையை நிறுத்தாதீர்கள்

"டொக்டர், பத்து நாளா அந்தக் குளிசை போடல்ல." கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மூதூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைக்கு வருகிறவர். மூன்று வருடமாக எச்.ஐ.வி. மருந்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நாள் தள்ளிப்போனதும் நிறுத்திவிட்டார். விடிந்தால் சத்தி. அப்புறம், "இவ்வளவு கடும் மருந்து வயித்துப் பிள்ளைக்குக் கூடாதுதானே?"

இந்தக் கேள்வியை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இரத்தத்தில் வைரஸ் மறுபடி பெருகிவிடும். சிகிச்சையே இல்லாவிட்டால், தாய்ப்பால் கொடுக்கும் காலத்தையும் சேர்த்து, நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே விடாமல் எடுத்து, வைரஸ் அளவை நன்றாக அடக்கி வைத்திருந்தால், பிரசவம் வரைக்குமான ஆபத்து 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

அவருடைய பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். இந்த எச்.ஐ.வி. குளிசையிலுள்ள டோலுடெகிராவிர் என்ற மருந்தை எடுத்த தாய்மாரின் சில பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகள் தெரிந்ததாக 2018இல் பொட்ஸ்வானாவிலிருந்து தகவல் வந்தபோது வைத்தியர்களே தயங்கினார்கள். பிள்ளைகளின் கணக்குக் கூடக்கூட அந்த வித்தியாசம் கரைந்துபோனது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் அதையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது.

எனக்கு இப்போது பயம் நெஞ்செரிவு மருந்தில்தான். கடையில் வாங்கிக் குடிக்கும் அந்த வெள்ளைப் பாணியிலுள்ள மக்னீசியமும் அலுமினியமும் டோலுடெகிராவிரை உடம்பில் சேரவிடாது. எச்.ஐ.வி. குளிசை போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முதலில் பாணியைக் குடித்துவிட்டால் குளிசைக்கு 6 மணி நேரம் பொறுக்கவேண்டும். முதல் மூன்று மாதம் கழிந்து கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் வெறும் வயிறென்றால் இதே கணக்கு. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம்.

இன்னும் ஊர் மிட்வைஃப் மிஸ்ஸிடம் அவர் பதியவில்லை. பதிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவானது, இரத்தம் எடுத்ததை வைத்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது என்று விளக்கினேன். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்ததற்கு இந்தப் பரிசோதனையும் ஒரு காரணம்.

அன்றைக்கே வைரஸ் அளவு பார்க்க இரத்தம் எடுத்தோம். கர்ப்பிணிகளுக்கு ஏற்ற சத்தி மருந்தும் எழுதினேன். காலைக் குளிசையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம், புட்டுச் சாப்பிட்டபிறகு போடுங்க என்றேன்.

"புட்டக் கண்டாலே சத்தி வருது டொக்டர்."

சரி, கஞ்சி குடித்துவிட்டுப் போடுங்க என்றேன்.