இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் குடும்பம் அலையாமல் இருக்க

பாக் நீரிணை ரொம்பக் குறுகலான கடல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை எங்களுக்கு என்று இரண்டு நாடுமே கேட்க முடியாத இடம், அதனால் 1974-லும் 1976-லும் பேசி நடுவில் எல்லைக்கோடு போட்டார்கள், கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் மீன்பிடிப் படகில் வந்தார்கள் என்று தெரிந்த பிறகு, கடலுக்குப் போகிறவன் கையில் அடையாள அட்டை இருக்கிறதா என்கிற கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. வரலாறு இவ்வளவு போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். "1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு இருக்கிறதே" என்று இன்னமும் பலர் நம்பிப் போகிறார்கள். அது விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரத்தான். மீன்பிடிக்க முடியாது என்று 1976-ல் பரிமாறிய கடிதங்களிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கும் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் இதைச் சொல்லி யாரும் வெளியே வர முடியாது. ஒத்திவைத்த தண்டனையோடு விடுதலையானவர்கள் அந்தக் காலம் முடிவதற்குள் மறுபடி பிடிபட்டால் நேராகச் சிறைதான், தயவுசெய்து தேதியைக் குறித்து வையுங்கள்.

சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தமிழக அரசு நாள் கணக்கில் உதவித்தொகை தருகிறது. அதை வாங்குவதில்தான் கஷ்டம் எல்லாம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, வீட்டுக்காரர் வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் விசைப்படகில் ஏறியவர். டோக்கனுக்கு (கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதிச் சீட்டு) கொடுத்த ஆள் பட்டியலில் பெயர் இல்லை, ஆதாரில் இன்ஷியல் வேறு, சங்கப் புத்தகத்தில் வேறு. ஓர் அலுவலகத்தில் "போலீஸ் கடிதம் கொண்டு வாம்மா" என்றார்கள், அங்கே போனால் "மீன்துறையில் கேளுங்கள்" என்றார்கள், பிளாஸ்டிக் பைக்குள் மடித்து மடித்துக் கிழிந்த ஜெராக்ஸை அவர் பத்துத் தடவையாவது விரித்துக் காட்டியிருப்பார். புருஷன் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று அரசுக்கே தெரியும்போது அதற்கு ஆதாரம் கேட்டு மனைவியை அலைய விடுவது எந்த ஊர் நியாயம்?

அதனால் ஆள் மாறினால், படகு கிளம்பும் முன்பே பெயரை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். டோக்கனை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். மனு கொடுத்தால் தேதி முத்திரை போட்ட நகல் இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள், வாய்மொழியாகச் சொன்னதை அடுத்த வாரம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் பிடிபட்ட படகு. வழக்கு நாளில் உரிமையாளரே இலங்கைக்கு நேரில் போய் நின்றால்தான் படகைத் திருப்பிக் கேட்கவே முடியும், அதற்கு அவரிடம் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். படகை விலைக்கு வாங்கிப் பதிவுப் பெயரை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே நீதிமன்றத்தில் உரிமையாளர் பழைய ஆள்தான், இங்கே நிவாரணம் கேட்டாலும் பழைய ஆள் பெயர்தான் வரும். இந்த வாரமே போய் மாற்றிவிடுங்கள்.