விக்கி என்பது ‘கூட்டு வலைப்பதிவு’ அல்ல

“விக்கி என்பது பலர் சேர்ந்து எழுதும் கூட்டு வலைப்பதிவு.” கணினித் தமிழ் வகுப்புக் குறிப்புகளிலும் பயிலரங்குத் தாள்களிலும் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அண்மையில் ஆசிரியர்களுக்கான ஒரு கையேட்டிலும் எழுத்து மாறாமல் இதே வரி. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். இந்தப் பெயர்ப்பு தவறு. விக்கி என்பது ஒரே பக்கத்தைப் பலரும் மாற்றி எழுதக்கூடிய இணையத்தளம். சொல்லைத் தவறாக வைத்ததால் வேலையும் தவறிப்போவதைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாம் வலைப்பதிவு என்கிற பிளாக், ‘வெப்லாக்’கின் குறுக்கம். 1997-இல் ஜோர்ன் பார்கர் புழக்கத்தில் விட்ட பெயர் அது. 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை ‘வீ பிளாக்’ என்று உடைத்து எழுத, பின்பாதி மட்டும் நிலைத்துவிட்டது. ‘லாக்’ என்பது கப்பலில் அன்றாடம் எழுதும் குறிப்பேடு. விக்கியோ ஹவாய் மொழிச் சொல். விரைவு என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் முனையங்களுக்கு இடையே ஓடும் பேருந்துக்கு ‘விக்கி விக்கி’ என்று பெயர். அந்தப் பெயரை நினைவில் வைத்திருந்த வார்டு கன்னிங்காம், 1995 மார்ச்சில் நிரலாளர்களுக்காகத் தொடங்கிய தளத்துக்கு ‘விக்கிவிக்கிவெப்’ என்று பெயரிட்டார். ஆக, விக்கி வந்தபோது வெப்லாக் என்ற சொல்லே இல்லை. ஒன்றை மற்றதன் வகை என்று சொல்ல வரலாற்றிலும் இடமில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். ‘பதி’ என்றால் அழுந்து, நிலைகொள். சேற்றில் கால் பதிகிறது, பத்திரம் பதிவாகிறது, ஒரு முகம் மனத்தில் பதிகிறது. பதிந்தது பதிந்தபடி இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வினையின் உயிர். பிளாக்குக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஒவ்வோர் இடுகைக்கும் ஒரு தேதி, எழுதியவர் பெயர். புதியது மேலே, பழையது கீழே. 2005-இல் ஒருவர் சொன்ன கருத்து 2005-இல் அவர் சொன்ன கருத்தாகவே நிற்கும். பலர் முறை வைத்து ஒரே வலைப்பதிவில் எழுதினாலும் அவரவர் இடுகை அவரவருடையதுதான். அதற்குத்தான் கூட்டு வலைப்பதிவு என்ற நல்ல பெயரை முன்பே வைத்திருக்கிறோம். அந்தப் பெயரைப் பிடுங்கி விக்கிக்குக் கொடுத்தால், அதற்கு வேறு எந்தப் பெயரைத் தேடுவது?

விக்கிப் பக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு பக்கம் எந்த நாளும் முடிந்துபோவதில்லை. அடுத்து வருகிறவர் கை வைக்கலாம் என்றே அது திறந்து கிடக்கிறது. அதற்குரிய வினை ‘தொகு’. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதில் ஒவ்வொரு பக்கத்தின் மேற்பகுதியிலும் இன்று நிற்பது இந்தச் சொல்தான். தொகுத்தல் என்றால் சேர்ப்பதுதானே, திருத்து என்று போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். திருத்து என்றால் பிழை இருந்தால்தான் கை வைக்கலாம் என்றாகிவிடும். புதிய பத்தி சேர்ப்பது, இரண்டு பக்கங்களை ஒன்றாக்குவது, நீண்டதைச் சுருக்குவது எல்லாம் தொகுத்தலில் அடங்கும். தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி வரும் வழிநூலைச் செய்யும் வகைகளைச் சொல்லும்போதே தொகுத்தலில்தான் தொடங்குகிறது. நம் கையில் பழுத்த சொல் இருக்கும்போது ‘பதிவு’ எதற்கு?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் குழு, அறிவியல் கலைச்சொற்களை எல்லோரும் சேர்ந்து விளக்கி ஒரே இடத்தில் வைக்க நினைத்தது. அவர்களுக்கு வேண்டியது விக்கி. கூட்டு வலைப்பதிவும் விக்கியும் ஒன்றே என்று படித்திருந்ததால் வலைப்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். அதில் ‘சவ்வூடு பரவல்’ பற்றிய இடுகையில், சவ்வைக் கடந்து போவது கரைபொருள் என்று தவறாக எழுதியிருந்தார் ஒருவர். கடப்பது கரைப்பான் என்று இன்னொருவர் கீழே பின்னூட்டத்தில் குறிப்பிட்டார். எழுதியவர் மாற்றலாகி வேறு ஊர் போனபிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிழை மேலே பெரிய எழுத்தில் நிற்கிறது, திருத்தம் பின்னூட்டக் கூட்டத்துக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் மேலே இருப்பதைத்தானே எழுதிக்கொண்டு போவார்கள்?

இதுவே விக்கியாக இருந்தால், பிழையைக் கண்டவர் அங்கேயே ‘தொகு’வை அழுத்தி அந்த ஒரு சொல்லை மாற்றி, சுருக்கப் பெட்டியில் ‘கரைபொருள் அல்ல, கரைப்பான்’ என்று எழுதிச் சேமித்திருப்பார். பழைய வரியும் புதிய வரியும் ‘வரலாறு’ பக்கத்தில் அருகருகே தெரியும். ஒத்துக்கொள்ளாதவர் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேட்கலாம். பொதுவான விவகாரம் என்றால் இருக்கவே இருக்கிறது ஆலமரத்தடி. தமிழ் விக்கிப்பீடியர்கள் தங்கள் பொது மன்றத்துக்கு வைத்த இந்தப் பெயரை எப்போது பார்த்தாலும் மனம் நிறைகிறது. மொழிபெயர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நூல்களை எழுத்தாக்கி வைக்கும் விக்கியான விக்கிமூலத்தில் இதை இன்னும் துலக்கமாகப் பார்க்கலாம். நாட்டுடைமையான ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் ஒரு புறம் வருடிய (ஸ்கேன் செய்த) படம், இன்னொரு புறம் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் எடுத்துக் கொடுத்த உரை. துணைக்காலை ‘ர’ என்றும் ‘ர’வைத் துணைக்கால் என்றும் அது மாற்றிப் போட்டிருக்கும். ஒருவர் மெய்ப்பு பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறமாகிறது. வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. இரண்டு பேரின் கை ஒரே வரியில் படுகிறது. இதைப் போய் எப்படிப் பதிவு என்பது?

வலைப்பதிவைத் தாழ்த்திச் சொல்லவில்லை. தன் கருத்தைத் தன் பெயரில் தன் நடையில் சொல்ல அதுதான் இடம். விக்கியில் அதற்கு இடமில்லை. வலைப்பதிவர்களும் சேர்ந்துதான் இயங்கினார்கள். ஒருவர் எழுத, மற்றவர் தன் பதிவில் மறுத்து எழுத, 2004-இல் வந்த தமிழ்மணம் போன்ற திரட்டிகள் அவற்றை ஓரிடத்தில் காட்டின. அந்தக் கூட்டு ஓர் உரையாடல். விக்கியின் கூட்டு ஒரே உரையைப் பலர் ஆக்குவது.

‘விக்கி’ தமிழில்லையே, அதை எப்படி விட்டுவைப்பது என்று கேட்கும் தனித்தமிழ் அன்பர்களுக்கு ஒரு சொல். நானும் உங்கள் கட்சிதான். ஆனால் இந்தச் சொல்லில் கிரந்த எழுத்து இல்லை, தமிழில் வாராத மெய்ம்மயக்கம், அதாவது மெய்யெழுத்துச் சேர்க்கை, இல்லை. தொண்டை விக்கும் விக்கியோடு குழம்பும் என்பதும் சரியில்லை. ‘விக்கி விக்கி அழுதாள்’ என்ற வரியைப் படித்து யாரும் இணையத்தளத்தை நினைப்பதில்லை. விக்கிமூலம், விக்கிப்பீடியர் என்று கிளைச்சொற்களும் வந்துவிட்டன. கிளைக்கிற சொல்லே வாழ்கிற சொல். பிளாக்குக்குச் சிலர் வைத்த ‘வலைப்பூ’ என்ற பெயர் தோற்றது அங்கேதான். கேட்க அழகு, ஆனால் அதிலிருந்து எழுதுகிறவருக்கு ஒரு பெயர் எடுக்க முடியவில்லை. வலைப்பதிவு என்றதும் பதிவர், பதிவுலகம் என்று தானாக வந்தது.

உண்மையான கோளாறு, இணையத்தில் எது வந்தாலும் முன்னால் ‘வலை’யை ஒட்டினால் கலைச்சொல் பிறந்துவிடும் என்ற பழக்கம். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் பெயர் வைக்கிறார்கள். ‘விக்கி’யும் ‘விக்கிப்பீடியா’வும் ஒன்றென்று எழுதுவதும் இதே சோம்பலால்தான். விக்கிப்பீடியா 2001-இல் வந்த ஒரு விக்கி, அவ்வளவே. கசிந்த ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தின் பெயரில் விக்கி இருக்கிறது, ஆனால் அதை நீங்களோ நானோ தொகுக்க முடியாது.

மொழிபெயர்ப்பவர்கள் முதல் இடத்தில் ‘விக்கி என்னும் கூட்டுத்தொகுப்புத் தளம்’ என்று எழுதட்டும், அப்புறம் விக்கி என்றே போகட்டும். பிளாக்குக்கு வலைப்பதிவு, அதில் போடும் ஒவ்வொன்றுக்கும் இடுகை, பலர் எழுதினால் கூட்டு வலைப்பதிவு. அந்தக் கையேட்டின் அடுத்த பதிப்பில் இந்த ஒரு வரியையாவது மாற்றச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன்.