மானிட்டரிங்: சட்டாம்பிள்ளையா, கங்காணியா?

சேலத்தில் நான் படித்த பள்ளியில் மானிட்டர் என்றால் வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறவன். பிறகு கணினித் திரைக்கும் அதே பெயர் வந்தது. காட்டு மரங்களில் ஒரு நோய் எங்கே தொடங்கியது, எதுவரை பரவியது என்று விடாமல் பார்த்துக் குறித்துவருவதும் இப்போது ‘மானிட்டரிங்’தான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘மொனேரே’, அதாவது எச்சரித்தல். பார்ப்பது அதில் பாதி வேலைதான். பள்ளி மானிட்டருக்கு நம்மூர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்திப் பார்த்து 1797இல் நூலாக வெளியிட்ட ‘மெட்ராஸ் முறை’யில் மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்குத் துணையாக நின்ற மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை அதற்கு முன்பே பார்த்துவந்த உத்தியோகம் அது!

காட்டுக்குச் சட்டாம்பிள்ளை சரிப்படமாட்டார். வழக்கில் நிலைத்த தமிழ்ச்சொல் ‘கண்காணிப்பு’. கண்ணால் காண்பவர் கண்காணி. சோழர் கல்வெட்டுகளிலேயே கோயில் காரியங்களை மேற்பார்த்தவருக்கு இந்தப் பெயர் உண்டு. பேச்சில் அது கங்காணி ஆயிற்று. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போய் வேலை வாங்கியவர் கங்காணி. அந்தச் சொல் ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. அதனால் கண்காணிப்பு என்றதும் தோட்டத்து அதட்டல் என் காதில் விழத்தான் செய்கிறது.

சேர்வராயன் மலையில் இன்னொரு சிக்கல். இது சந்தனம் விளையும் மலை. இங்கே ‘தீவிரக் கண்காணிப்பு’ என்று செய்தி வந்தால் எல்லோரும் மரத் திருட்டைத்தான் நினைப்பார்கள். என் கட்சி இது: திருடனுக்குக் ‘காவல்’ இருக்கிறது. வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் என்று பதவிப் பெயர்களிலேயே அது நிற்கிறது. கண்காணிப்பை நோய்க்கு விட்டுவிடலாம்.

ஏன் என்பதற்குச் சந்தன மரத்தின் ஸ்பைக் நோயே போதும். 1899இல் குடகில் முதலில் பதிவானது. இலைகள் சிறுத்து, விறைத்து, கணுக்கள் நெருங்கி, கிளை கம்பிபோல் குத்திட்டு நிற்கும். அதனால் அந்தப் பெயர். பிறகு ஓரிரு ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத நுண்ணுயிர். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி அதை மரத்துக்கு மரம் சுமக்கிறது. கத்தரி பயிரிடுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அவர்கள் பார்த்த சிற்றிலை நோயும் இந்த வகைக் கிருமியின் வேலை. சந்தனத்திலோ தொற்று ஏறியும் மாதக்கணக்கில் அறிகுறியே தெரியாமல் இருக்கலாம். வாசலில் தடியோடு நிற்பவருக்கு இது அகப்படாது. அதே மரத்திடம் திரும்பத் திரும்பப் போகவேண்டும். ஐயம் வந்தால் இலையை ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். ஆகவே ‘நோய்க் கண்காணிப்பு’, தேவையானால் ‘நோய்ப்பரவல் கண்காணிப்பு’. ‘கண்காணிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்று நீட்டாமல் ‘கண்காணிக்கிறார்கள்’ என்றால் போதும்.

ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் காப்பிச் செடிகளுக்கு இடையே நிற்கும் நான்கு சந்தன மரங்களுக்கு நோட்டு வைத்திருக்கிறார். மூன்றாம் மரத்துக்கு நேரே, கோடையில் ஒரு வரி: ‘கொழுந்து சின்னது?’ இரண்டு மாதம் கழித்து அடுத்த வரி: ‘மழை. இலை பழையபடி.’