காற்று பிரிகிறதா? பெருங்குடல் முறுக்கிக்கொள்ளும்போது

சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 78 வயது. பார்க்கின்சன் நோய் வந்து ஏழெட்டு வருஷமாகிறது. மலச்சிக்கல் அதைவிடப் பழையது. அதனால் ஒருநாள் வயிறு உப்பியபோது வீட்டில் யாரும் பதறவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினோம். மறுநாள் காலையில் வயிறு மத்தளம் மாதிரி விறைத்து நின்றது. அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி கேட்ட முதல் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

“பாட்டி, காற்று பிரியுதா?”

பிரியவில்லை. இரண்டு நாளாகவே பிரியவில்லை.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். வலப்பக்கம் கீழே தொடங்கி, மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கி மலக்குடலில் சேர்கிறது. ஏறும் பகுதியும் இறங்கும் பகுதியும் முதுகுப்புறச் சுவரோடு ஒட்டியிருப்பதால் எளிதில் அசையாது. மலக்குடலுக்குச் சற்று முன்னால் வளைந்து கிடக்கும் சிக்மாய்டு பகுதி அப்படியில்லை. விசிறி போன்ற ஒரு சவ்வில் தொங்குகிறது. அதற்கான ரத்தக் குழாய்களும் அந்தச் சவ்வுக்குள்தான் ஓடுகின்றன.

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி, பிளாஸ்டிக் பையை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். பை மெல்லச் சுழலும், இரண்டு காதும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். அதே காதுகளை இரண்டு கையாலும் அகலப் பிடித்தால் சுழலாது. குடலிலும் இதேதான் நடக்கிறது. வளையத்தின் இரு முனைகளும் நெருங்கி, சவ்வின் அடி குறுகி, வளையம் மட்டும் நீண்டு கனத்துப்போனால் அது சுழல வழி கிடைத்துவிடும். பையின் காது இறுகியதும் விரல் நுனி கருஞ்சிவப்பாகிறது அல்லவா, அதுவும் உள்ளே நடக்கிறது.

பல வருஷ மலச்சிக்கல் குடலை இழுத்து நீட்டிவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தாதிமை இல்லங்களில் இருக்கும் முதியவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள், குடல் அசைவை மந்தமாக்கும் மனநல மருந்துகள் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வருகிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்பவர்களுக்கு நடுத்தர வயதிலேயே வருவதுண்டு. கர்ப்பப்பை பெரிதாகி குடலை இடம் தள்ளுவதால் கர்ப்பிணிகளுக்கும் எப்போதாவது வரும்.

அரைச் சுற்று என்றால் தானாகவே அவிழ்ந்துவிடலாம். முழுச் சுற்றுக்கு வளையத்தின் இரு வாயும் அடைபடும். உள்ளே பாக்டீரியாக்கள் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அது வெளியேற வழியில்லை. இங்கேதான் ஆபத்து. சிரைகளின் சுவர் மெல்லியது, அழுத்தமும் குறைவு, அதனால் முதலில் அவை நசுங்கும். தமனிகளோ இன்னும் ரத்தத்தை உள்ளே தள்ளுகின்றன. வந்த ரத்தம் திரும்ப முடியாமல் குடல்சுவர் வீங்குகிறது. கடைசியில் தமனியும் அடைபட்டு, சுவர் அழுகி, ஓட்டை விழுகிறது. அதன் பிறகு உயிரையே காப்பாற்றப் போராட வேண்டியிருக்கும். அடைப்பு குடலின் அடிப்பக்கம் என்பதால் வாந்தி தாமதமாகத்தான் வரும். வாந்தி இல்லையே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது. நாங்கள் அப்படித்தான் இருந்தோம். வயிறு இறுகி உப்பி, மலமும் காற்றும் இரண்டுமே நின்றுபோனால் பேதி மாத்திரை கொடுக்காதீர்கள், ஆம்புலன்சுக்கு 995 கூப்பிடுங்கள்.

எக்ஸ்ரே திரையில் மருத்துவர் காட்டியது, வயிற்றை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய காப்பிக்கொட்டை. மருத்துவ நூல்களிலும் அதற்கு அந்தப் பெயர்தான். கொட்டையின் நடுக்கோடு, ஒட்டி நிற்கும் இரண்டு குடல்சுவர்கள். சிடி ஸ்கேனில் சவ்வும் ரத்தக் குழாய்களும் சுழி மாதிரி தெரிந்தன.

குடல் அழுகவில்லை என்றால் முதல் வேலை காற்றை வெளியேற்றுவது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக்கொண்டே, ஆசனவாய் வழியாக வளையும் கேமராக் குழாயைச் செலுத்தி, முறுக்கின் வாயை மெல்லத் தாண்டுகிறார்கள். அடைபட்ட காற்றும் நீரும் பீறிட்டு வெளியேறும், வளையம் தளர்ந்து அவிழும். நார்வே மருத்துவர் புரூஸ்கார்ட் 1947இல் வெளியிட்ட முறையின் நீட்சி இது. அவர் காலத்தில் குழாய் வளையாது. வளையம் அவிழ்ந்த பிறகு ஒரு ரப்பர் குழாயை ஓரிரண்டு நாள் உள்ளேயே விட்டுவைப்பார்கள். குடலின் உள்தோல் கறுத்திருப்பது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும். அழுகிய பகுதியை வெட்டிய பிறகு, பலருக்கு மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாய் வைத்து, பை பொருத்த நேரிடும்.

சரி, அவிழ்ந்துவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டோம். நீண்ட வளையமும் குறுகிய அடியும் அப்படியேதான் இருக்கின்றன என்றார் மருத்துவர். அவிழ்த்ததோடு விட்டால் பாதிப் பேருக்காவது மறுபடி முறுக்கிக்கொள்ளும். அதனால் உடம்பு தாங்குமென்றால் அதே தங்கலிலேயே சிக்மாய்டை வெட்டி, இரு முனைகளையும் இணைத்துவிடுகிறார்கள். பெருங்குடலின் தொடக்கப் பகுதியான சீக்கம் முறுக்கினால் கேமராக் குழாய் பெரும்பாலும் உதவாது, நேரே அறுவைதான்.

பெரியம்மாவுக்கு நான்காம் நாள் அறுவை நடந்தது. அதன் பிறகு தினமும் காலையில் தாதி வந்து கேட்டது அதே கேள்விதான். இணைத்த குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளமாம். மூன்றாம் நாள், வெட்கப்பட்டுக்கொண்டே, “பிரிஞ்சுச்சும்மா” என்றார் பெரியம்மா. தாதி கை தட்டினார். மதியம் கஞ்சி வந்தது.