பால் பத்தலை, சோறு இறங்கலை

மூன்று மாதக் குழந்தையோடு வரும் அம்மா, "பால் பத்தலை மேடம்" என்பார். அதே அம்மா ஒன்றரை வருடம் கழித்து வந்து, "ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது மேடம்" என்பார். புதுச்சேரியில் பாலூட்டல் ஆலோசகராக நான் அதிகம் கேட்கும் இரண்டு புகார்கள் இவைதான். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர் என எங்கிருந்து வந்தாலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். பார்ப்பதற்கு இரண்டும் வேறு வேறு பிரச்சினை. என் அனுபவத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்று. பசிக்கிறது என்றும் போதும் என்றும் குழந்தை காட்டுவதை விட்டுவிட்டு, கடிகாரத்தையும் கிண்ணத்தையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பார்க்கிறோம்.

முதலில் மூன்றாம் மாதத்துக்கு வருவோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீடு திரும்புவது நம் பக்கத்து வழக்கம். ஏறக்குறைய அதே சமயத்தில் உடம்பிலும் ஒரு மாற்றம் நடக்கிறது. பிரசவமான புதிதில் மார்பு இறுகிக் கனக்கும், பால் தானாகக் கசியும். 6 முதல் 12 வாரத்துக்குள் குழந்தைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குச் சுரப்பு ஒழுங்காகிவிடும். மார்பு தளர்ந்து மென்மையாகும், கசிவும் குறையும். முன்பு அரை மணி நேரம் குடித்த குழந்தை, இப்போது உறிஞ்சப் பழகிவிட்டதால் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். சாயங்காலமானால் மட்டும் சிணுங்கிக்கொண்டே மறுபடி மறுபடி மார்பைத் தேடும். இவை எல்லாமே இயல்பானவை. ஆனால் மாமியார் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிகிறது. "பால் வத்திடுச்சும்மா, புள்ள பசியில அழுவுது, ஒரு டப்பா வாங்கியாரச் சொல்லு" என்கிறார். அக்கறையில் சொல்வதுதான். டப்பாவும் வந்துவிடுகிறது.

பால் உண்மையிலேயே குறைய ஆரம்பிப்பது அதற்கப்புறம்தான். இறைக்கிற கிணறுதான் ஊறும். புட்டிப் பாலில் வயிறு நிறைந்த குழந்தை அடுத்த சில மணி நேரம் மார்புக்கு வராது. மார்பில் பால் தேங்கும். தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும். அடுத்த வாரம் இன்னொரு புட்டி தேவைப்படும். "அப்பவே சொன்னேன்ல" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்குத் தன் உடம்பின் மேலேயே நம்பிக்கை போய்விடும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான்.

பால் பத்துகிறதா என்று பிழிந்து பார்த்தோ பம்ப்பில் அளந்தோ முடிவு செய்யாதீர்கள். பம்ப் எடுக்கும் அளவு வேறு, குழந்தை குடிக்கும் அளவு வேறு. முதல் வாரம் தாண்டிய குழந்தை 24 மணி நேரத்தில் 6 முறையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். பிறந்த சில நாட்களில் கொஞ்சம் குறையும் எடை, 2 வாரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் பால் பத்துகிறது என்றே அர்த்தம். நாள் முழுக்க டயப்பர் மாட்டியிருந்தால் எத்தனை முறை போனது என்பது தெரியாது. ஒரே ஒரு நாள் துணி கட்டிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

எடை ஏறவில்லை, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாக இருக்கிறது, எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து தூங்குகிறது என்றால் அன்றைக்கே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்தில் அதிக ரத்தம் போனவர்கள், தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் சிலருக்குப் பால் நிஜமாகவே குறையலாம். அவர்கள் வேறு பால் சேர்த்துக் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பாலாடையிலோ சின்னக் கிண்ணத்திலோ மடியில் வைத்து, முகம் பார்த்துக் கொடுக்கலாம்.

மற்றபடி நான் பார்க்கும் பெரும்பாலானவர்களுக்கு, குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினாலே போதும். காம்பை மட்டும் கவ்வினால் அம்மாவுக்கு வலியும் புண்ணும்தான் மிச்சம். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். அழ ஆரம்பித்த குழந்தையை அப்படிப் பிடிக்க வைப்பது கஷ்டம். தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடுவதும் கையைச் சப்புவதும்தான் பசியின் ஆரம்பம். அழுகை கடைசியில் வருவது. புதிதாகப் பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை இப்படிக் கேட்கும். ராத்திரியும் கேட்கும். பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் என்பதால், ராத்திரிப் பாலை நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் கடலூர் வெயிலைப் பார்த்துவிட்டு, "நாக்கு வறண்டுடும், ரெண்டு சங்கு தண்ணி குடுங்க" என்பார்கள். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். 6 மாதம் முடியும்வரை வேறு தண்ணீர் வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் வேண்டாம். அரிதாக அதிலிருக்கும் பாக்டீரியாவால் பச்சைக் குழந்தைக்குத் தசைகள் செயலிழக்கும் ஆபத்து உண்டு.

இப்போது இளம் அம்மாக்கள் பலர் 'அட்டாச்மென்ட் பேரன்டிங்' பற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸும் செவிலியரான அவர் மனைவி மார்த்தாவும் பரப்பிய முறை அது. தாய்ப்பால் கொடுப்பது, குழந்தையை உடம்போடு சேர்த்துச் சுமப்பது, அருகில் படுக்கவைப்பது, அழுகைக்குச் செவிகொடுப்பது என்று போகும். இதில் பாதி நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பதுதான். எனக்கு அதில் பிடித்தது, குழந்தையின் குறிப்பை நம்புவது. எனக்குப் பயமாக இருப்பது, எல்லாவற்றையும் அம்மா ஒருத்தியே செய்ய வேண்டும் என்று அதைப் புரிந்துகொள்வது. குளிப்பாட்டுவது, ஏப்பம் எடுப்பது, தோளில் போட்டுத் தூங்கவைப்பது எல்லாம் அப்பாவும் செய்யலாம், செய்ய வேண்டும். படுக்கை விஷயத்திலும் கவனம் தேவை. குழந்தை அதே அறையில், சமமான கெட்டிப் படுக்கையில், தனியாக, மல்லாந்து தூங்கட்டும். சோபாவிலும் மெத்தென்ற தலையணைகளுக்கு நடுவிலும் வேண்டாம். குடித்துவிட்டு வருபவர் பக்கத்தில் படுக்கவே வைக்காதீர்கள்.

சரி, சோற்றுக்கு வருவோம். 6 மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், குழைந்த பருப்புச் சாதம் என்று இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கலாம். கரண்டியிலிருந்து ஒழுகாத கெட்டியில் இருக்கட்டும்; தண்ணியாகக் கொடுத்தால் வயிறுதான் நிறையும், சத்து சேராது. தேவனாம்பட்டினத்தில் வாசலுக்கே நல்ல மீன் வருகிற வீடுகளில்கூட, மாந்தம் வரும் என்று ஒரு வயதுவரை மீனைக் கண்ணில் காட்டுவதில்லை. முள் நீக்கி மசித்த மீனையும் நன்றாக வெந்த முட்டையையும் 6 மாதம் முடிந்ததிலிருந்தே கொடுக்கலாம்.

ஒரு வயதுக்கு மேல்தான் "இறங்கலை" என்ற புகார். இங்கே ஒரு கணக்குப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் சுமார் 9 கிலோ ஆகிறது. அதாவது ஒரே வருடத்தில் 6 கிலோ. இரண்டாம் வருடத்தில் ஏறுவது 2 முதல் இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானதால் பசியும் மட்டுப்படுகிறது. இது புரியாமல் செல்போனைக் கையில் கொடுத்து, வாய் திறக்கும்போதெல்லாம் திணிக்கிறோம். வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாமல் போகிறது. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். முகத்தைத் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் பிஸ்கட்டும், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பாலும் போனால் பசி எங்கிருந்து வரும்? பசும்பால் அதிகமானால் இரும்புச்சத்தும் குறையும்.

இந்த வயதிலும் தாய்ப்பால் வீண் இல்லை. இரண்டாம் வருடத்தில்கூடக் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது தர முடியும். உலக சுகாதார நிறுவனம் 2 வயதுவரையும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கச் சொல்கிறது. நிறுத்த நினைத்தால் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் வெறுக்க வைக்காதீர்கள். பகலில் ஒவ்வொரு வேளையாகக் குறைத்து, ராத்திரிப் பாலைக் கடைசியாக விடுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் சமயத்தில் அந்த முயற்சியே வேண்டாம். சோற்றைத் தொடாத குழந்தையும் அப்போது பால் குடிக்கும். குணமான பிறகு இரண்டு வாரம், தினம் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். இழந்த எடை அப்போதுதான் திரும்பும்.